ஒளி தெரிந்தால் புற்றுநோயா?

புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து வீடு திரும்பியவர்கள், சில மாதம் கழித்து மறுபடியும் 'பெட் ஸ்கேன்' எடுக்கப் போவார்கள். அந்தப் படத்தில் எங்காவது ஒளி தெரிந்தால் போதும். "வியாதி திரும்பிவிட்டதோ!" என்று வீடே கலங்கிப்போகும்.

அந்த ஒளி புற்றுநோயாக இருக்கலாம். ஆனால், முன்பு செய்த வைத்தியமே அப்படி ஒளிரவும் கூடும்!

அது எப்படி?

சர்க்கரைப் பசி

எக்ஸ்ரே படம் உடம்பின் உள் உருவத்தைக் காட்டும். பெட் ஸ்கேனோ, உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அதிகமாகத் தின்கிறது என்று காட்டும்.

புற்றுநோய் அணுக்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கண்டறிந்தார்.

பிற்காலத்தில், சர்க்கரையோடு கதிர்வீசும் புளோரினைச் சேர்த்து ஒரு மருந்து செய்தார்கள். 1976 ஆகஸ்டில், அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா நகரில் அது முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. மருந்து தயாரானதோ நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில். 110 நிமிடத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடும். ஆகவே, விமானத்தில் ஏற்றி அவசரமாகக் கொண்டுபோனார்கள்!

இன்றும் அந்த மருந்துதான் பெரும்பாலும் பயன்படுகிறது. அதை ஊசி மூலம் ஏற்றி, சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். சர்க்கரை சேர்ந்த இடம் ஒளிரும்.

திருடனும் போலீசும்

புற்றுநோய்க்கு மட்டும்தானா அந்தப் பசி? இல்லை. புண் ஆறும் இடத்தில் வந்து கூடும் வெள்ளை அணுக்களுக்கும் அது உண்டு.

திருடன் ஓடினாலும், அவனைத் துரத்தும் போலீஸ்காரர் ஓடினாலும், தூரத்தில் நிற்பவருக்கு ஓட்டம்தான் தெரியும். பெட் ஸ்கேனும் அப்படித்தான்.

பவுடர் செய்யும் வேலை

சிலருக்கு நுரையீரலைச் சுற்றி அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். டாக்டர்கள் நீரை எடுத்துவிட்டு, அங்கே 'டால்க்' என்னும் கல்மாவைத் தூவுவார்கள். முகப் பவுடரில் சேர்ப்பார்களே, அதே இனம்தான், கிருமி நீக்கியது. அது பட்ட இடம் புண்போலாகி, நுரையீரலின் உறை மார்புச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர் கோக்க இடமிராது.

நல்ல வைத்தியம்தான். ஆனால், மாவு உள்ளேயே தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து எடுத்த படத்திலும் அந்த இடம் ஒளிர்வது உண்டு!

இதுபோல் இன்னும் சில:

கதிர் வைத்தியம் செய்த இடம் சில மாதங்கள் ஒளிரலாம்.

வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டால் எலும்பு மஜ்ஜை ஒளிரலாம்.

தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் நெறி ஒளிரலாம். 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கு இப்படித் தெரிந்தது.

நீரிழிவுக்குச் சாப்பிடும் 'மெட்பார்மின்' மாத்திரையால் குடல் ஒளிரலாம்.

உண்மையை அறிவது எப்படி?

பெட் ஸ்கேனோடு சி.டி. ஸ்கேனும் சேர்த்து எடுப்பார்கள். டால்க் மாவு தங்கிய இடம் அதில் சுண்ணாம்புபோல் வெள்ளையாகத் தெரியும். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுவார்கள். சந்தேகம் தீராவிட்டால், சில வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அல்லது ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள்.

தவறு நேர்ந்தால் நஷ்டம் பெரிது. இல்லாத வியாதிக்கு அறுவை நடந்துவிடலாம். "பழைய புண்தான்" என்று நாமே முடிவு கட்டினால், உண்மையான வியாதி உள்ளே வளர்ந்துவிடலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

வீட்டார் கடமை

படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர், பல சமயம் நோயாளியை முன்பின் பார்த்திராதவர். அவருக்கு எல்லா விவரமும் போய்ச் சேர வேண்டும்.

என்ன அறுவை நடந்தது? கதிர் வைத்தியம் எப்போது முடிந்தது? கடைசி ஊசி எந்தத் தேதியில்? தடுப்பூசி எந்தக் கையில்? என்னென்ன மாத்திரை? இவற்றைப் படம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். டாக்டரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பையில் பத்திரமாக வையுங்கள். என்றோ நுரையீரலைச் சுற்றித் தூவிய மாவைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கலாம். அந்த ஒரு வரி, ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்கலாம்!