முளைகட்டிய மூட்டையின் சூடு

சம்பாவுக்கு நாற்றங்கால் தயாரானதும் குடவாசல் பக்கத்து வீடுகளில் விதைநெல் முளைகட்டுவார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய நெல்லை வடித்துச் சாக்கில் கொட்டி, வாயைக் கட்டி, வைக்கோல் பரப்பிய இடத்தில் கிடத்துவார்கள். மேலேயும் வைக்கோலைக் கனமாகப் போட்டு மூடிவிடுவார்கள். மறுநாள் மூட்டையைப் பிரித்து உள்ளே கையை விட்டால் நல்ல சூடு தெரியும். பக்கத்தில் அடுப்பு கிடையாது, வெயில் கிடையாது. முளைவிடும் நெல் மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள மாவுச்சத்தைக் கரைத்து வளர்கிறது. அதில் பிறக்கும் வெப்பத்தை வைக்கோல் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. சூடு மிஞ்சினால் முளை வெந்துவிடும் என்று இடையில் கிளறிவிட்டுத் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு.

கடுங்குளிர் நாட்டில் ஹீட்டர் நின்றுபோன வீட்டில் ஒரு குடும்பம் இரவைக் கடக்க வேண்டுமானால், அந்தச் சாக்கு மூட்டை செய்வதைத்தான் செய்ய வேண்டும்.

காவிரி டெல்டாவில் மார்கழி விடியலில் வெப்பம் 20 டிகிரிப் பக்கம் வந்து நிற்கும். ஒரு போர்வையோடு போய்விடும் குளிர் அது. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று டொராண்டோவிலும் சிகாகோவிலும் குடும்பம் நடத்துகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பெரியவர்களும் போகிறார்கள். அங்கே பனிக்காலத்தில் மின்சாரம் போவது, நம்மூரில் கரண்ட் போவதைப் போல விசிறியோடு நிற்கிற தொல்லை அல்ல.

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொராண்டோவில் உறைமழை பெய்தது. துளி விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக இறுகும் மழை. கனம் தாங்காத மரக்கிளைகள் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்ததில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஸ்கார்பரோவும் தப்பவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்த பிறகும் பல வீடுகள் இருட்டில் கிடந்தன. அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு உலை. எரிவாயு குழாயில் வந்தாலும், உலையை இயக்கவும் சூடான காற்றை அறை அறையாகத் தள்ளும் விசிறியைச் சுழற்றவும் மின்சாரம் வேண்டும். அது நின்றால் வீடு மெல்ல மெல்ல வெளிக்குளிரை நோக்கி இறங்கும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்தது இன்னும் கொடுமை. குளிருக்குப் பழகாத, குளிரை நினைத்துக் கட்டப்படாத வீடுகள் அவை. 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குளிர்தான்.

உலை நின்ற வீட்டில் மிஞ்சியிருக்கும் வெப்பம் எது? மனித உடம்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியிடுகிறது. நாலு பேர் ஆளுக்கொரு அறையில் படுத்தால் அந்தச் சூடு சுவருக்கும் கூரைக்கும் போய்ச் சேரும். அதே நாலு பேர் ஒரு சின்ன அறையில் சேர்ந்தால் 300, 400 வாட். அதை வெளியே விடாமல் பிடித்துவைப்பதுதான் மிச்ச வேலை.

பிடித்துவைப்பது காற்று. அசையாத காற்று. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். தண்ணீர் அதைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். ஆனால் காற்று சும்மா இருக்காது. சூடானது மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், சந்து கிடைத்தால் வெளியே ஓடும். அதைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து அசையவிடாமல் செய்யும் பொருள் எதுவோ அதுதான் நல்ல போர்வை. வைக்கோல் தாளை ஒடித்துப் பாருங்கள், உள்ளே வெறும் குழாய். உமியைக் கையில் அள்ளிப் பாருங்கள், ஒவ்வொன்றும் காற்றைக் கவ்விய சிறு ஓடு. வைக்கோலை மாட்டுத் தீவனம் என்றும் உமியை அடுப்புக்குப் போடுவது என்றும் மட்டும் நினைப்பது அவற்றுக்குச் செய்யும் அநியாயம்.

இந்தப் பொருள்களுக்குச் சூடு, குளிர் என்ற பேதம் கிடையாது. ஐஸ் கட்டியை உமியிலோ மரத்தூளிலோ புதைத்துவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1833-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று ஏறக்குறைய 180 டன் ஏரிப் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு, நாலு மாதம் கடலில் கிடந்து கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் உருகாமல் இருந்தது. சுற்றிலும் திணித்த காப்புப் பொருளும் அதற்குள் அடைபட்ட காற்றும் காத்தது அது. அந்த வியாபாரத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாததும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாததும் ஒரே வேலைதான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மரம் கிடைக்காத மணற்குன்றுப் பகுதியில் குடியேறியவர்கள் வைக்கோல் கட்டுகளையே செங்கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். அப்படி 1928-இல் ஆர்தர் என்ற சிற்றூரில் எழுந்த தேவாலயம் இன்னும் நிற்கிறது.

வெளிநாட்டு வீட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? தேவையில்லை. இருப்பதிலேயே சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் குறைவாகவும் வெயில் படும் பக்கமாகவும் இருந்தால் நல்லது. கதவடிச் சந்தில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் கண்ணாடிமேல் கம்பளியைத் தொங்கவிடுங்கள். பகலில் வெயில் வந்தால் விலக்கிவிட்டு, சாய்ந்ததும் மூடுங்கள். பலரும் மறப்பது தரையை. மேலே மூன்று கம்பளி போர்த்தியவர் கீழே வெறுந்தரையில் படுத்தால் சூடு முதுகு வழியாகப் போய்விடும். மெத்தை, அட்டைப்பெட்டி, கோரைப்பாய் என்று எது கிடைத்தாலும் அடியில் போடுங்கள். பிள்ளைகள் விளையாடும் துணிக்கூடாரம் இருந்தால் அறைக்குள்ளேயே அதை விரித்து உள்ளே படுக்கலாம். கூடாரம் இல்லையா, மேசைமேல் போர்வையைத் தொங்கவிட்டாலும் அறைக்குள் ஓர் அறை கிடைத்துவிடும்.

உடுப்பு இறுக்கமாக இருக்கக் கூடாது. கனமான ஒரே சட்டையைவிட மெல்லிய மூன்று சட்டைகள் மேல். ஒவ்வொன்றுக்கும் இடையில் காற்று நிற்கும். நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும், காலுறை உட்பட. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் போர்த்தியும் பயனில்லை. வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். நெல்லுக்கு மாவுச்சத்து எப்படியோ அப்படித்தான் நமக்குச் சோறு. மது குடித்தால் சூடாவதுபோலத் தோன்றும். தோலுக்கு ரத்தம் பாய்வதால் வரும் தோற்றம் அது; அந்த நேரத்தில் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

தணல் மட்டும் உள்ளே வரவே கூடாது. குளிர் பொறுக்காமல் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தியவர்கள் டொராண்டோவிலும் டெக்சாஸிலும் மட்டும் இல்லை. கொடைக்கானல் அறைகளில் அப்படிப் படுத்து மறுநாள் எழாதவர்களைப் பற்றிய செய்திகள் நம் நாளிதழ்களிலேயே வந்திருக்கின்றன. புகை அடங்கிச் சிவந்து கனியும் கரிதான் ஆபத்தானது. கண் எரியாது, இருமல் வராது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கமான தூக்கம், அவ்வளவுதான். ஜெனரேட்டரும் அப்படியே: கார் ஷெட்டில்கூட வேண்டாம், ஜன்னல்களிலிருந்து தள்ளி வெளியேதான் ஓட வேண்டும். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் தணல் சட்டி வைத்து, குளிர்காற்று படக்கூடாது என்று கதவையும் அடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாம்பிராணி காட்டியே தீர வேண்டுமென்றால் கதவைத் திறந்துவைத்துக் காட்டிவிட்டு, சட்டியை வெளியே எடுத்துப் போய்விடுங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் வயதானவருக்குப் பேச்சு குழறும், கை தடுமாறும், சொன்னதையே சொல்வார். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தானாக நின்று, ஆள் சோர்ந்தால் அது தேறியதற்கு அடையாளம் அல்ல. உடனே உதவிக்கு அழைக்க வேண்டும். அதுவரை நெஞ்சையும் வயிற்றையும் சூடாக்குங்கள், கைகாலைத் தேய்க்க வேண்டாம்.

பச்சிளங்குழந்தைக்குக் குளிர் தாக்கப் பனி தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, கூரை பறந்த வீடுகளில் கொட்டிய மழையே அதற்குப் போதுமானதாக இருந்தது. பிறந்த பிள்ளையின் உடல் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு தாய் பராமரிப்பு என்று நம் அரசு மருத்துவமனைகளில் சொல்லித்தருவது அதுதான். ஈரத்தைத் துடைத்து, தலைக்குக் குல்லா போட்டு, தாயின் மார்பில் தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்த வேண்டும். தாய் விழித்திருக்க வேண்டும், பிள்ளையின் மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும். அப்பாவும் இப்படி அணைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் கனத்த கம்பளிக்கடியில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள், மூச்சு முட்டும். புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் பயமில்லை. பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் உடனே மார்போடு அணையுங்கள். வயிறும் சேர்ந்து சில்லிட்டிருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.