பூவைச் சொல்லலாம், இடத்தைச் சொல்லாதீர்கள்

“மலையில புதுப் பூ ஒண்ணைக் கண்டுபிடிச்சா நம்ம பேரையே வச்சிடலாமா சார்?” பாளையங்கோட்டையில் தாவரவியல் பாடம் எடுத்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு மாணவராவது இதைக் கேட்டுவிடுவார். விதியில் தடை இல்லை. ஆனால் அப்படிச் செய்தவரைத் துறையில் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பேன்.

பெயர் தெரியாத செடியெல்லாம் புது இனம் ஆகிவிடாது. நமக்குத் தெரியாதது வேறு, அறிவியலுக்குத் தெரியாதது வேறு. இரண்டுக்கும் நடுவே நிறைய வேலை இருக்கிறது.

முதலில் வனத்துறை அனுமதி. அது கிடைத்தாலும், செடி தாராளமாக இருக்கிற இடத்தில்தான் கிளை ஒடிக்கலாம். ஒடித்ததைப் பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, ஓர் இலையின் முகமும் இன்னோர் இலையின் முதுகும் தெரியும்படி பரப்பி, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிக் கட்டுவோம். ஈரமேறிய தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்து இலை கறுத்துவிடும். காய்ந்தால் நிறம் போய்விடும், வாசனையும் நிற்காது. அதனால் இரண்டையும் செடி நின்ற இடத்திலேயே நோட்டில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம். கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் வெள்ளைக்காரர் காலத்துத் தாள்களும் இருக்கின்றன. கையில் லென்ஸோடு அவற்றுடன் ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் புதிது என்று கொண்டுபோன பலவற்றுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்திருப்பார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இன்னும் பெயரிடப்படாத பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இத்தகைய அலமாரிகளில் கிடக்கக்கூடும் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

எதனோடும் ஒத்துப்போகவில்லை என்றால், லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் எழுதி வெளியிட வேண்டும். உலர்ந்த மாதிரி ஒன்றை ‘டைப்’ என்று குறித்து ஹெர்பேரியத்தில் ஒப்படைக்க வேண்டும். பின்னாளில் சந்தேகம் எழுந்தால் அந்தப் பெயருக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.

எங்கள் பக்கத்து மலைக்கே ஒரு கதை உண்டு. 1865-இல் கர்னல் ட்ரூரி களக்காட்டு மலைத்தொடரில் ஓர் ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு, கீழிதழ் ஒரு சின்னப் பை. பைக்குள் விழுகிற பூச்சி வந்த வழியே ஏற முடியாது. பின்பக்க இடுக்கு வழியாக நெருக்கியடித்து வெளியேறும்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஆர்க்கிட்டுக்கு 1874-இல் ட்ரூரியின் பெயரைச் சூட்டியவர் சென்னை மாகாண வனத்துறைத் தலைவராக இருந்த பெட்டோம். இன்று அதன் பெயர் பாஃபியோபெடிலம் ட்ரூரியை. தென்னிந்தியாவில் இந்த வகை ஆர்க்கிட் இது ஒன்றுதான்.

பெயர் பரவியது, அதோடு வினையும் வந்தது. ஆர்க்கிட் பிரியர்களுக்காகக் கிழங்கோடு பெயர்த்தெடுத்தார்கள். காட்டுத்தீ வேறு. அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்த செடி, 1972-இல் அகத்தியமலைப் பகுதியில் மறுபடி தென்பட்டது. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் அதைச் சோதனைக்கூடத்தில் பெருக்கி மலையில் திரும்ப நட்டது. இருந்தும், மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில்தான் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் இன்று ஆராய்ச்சியாளர்கள் அரிய செடி நிற்கும் இடத்தைத் துல்லியமாக எழுதுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். மலையில் தெரியாத பூ கண்ணில் பட்டால் பறிக்காதீர்கள். பூவை முன்னிருந்தும் பக்கவாட்டிலும், இலையை இருபுறமும், செடியை முழுதாகவும் படமெடுத்து, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கு அனுப்புங்கள். இடத்தை அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போட்டே ஆகவேண்டும் என்றால், கேமராவில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுத்த படமாகப் போடுங்கள்.