கதவை மூடினால் விளக்கு அணையுமா?

மறையூரில் கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சிவிட்டு வீடு வருகிறார் ஓர் அம்மா. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கிறார். உள்ளே விளக்கு எரிகிறது.

“ஏம்மா, கதவை மூடினாலும் இது எரியுமா?” என்று மகள் கேட்கிறாள்.

நல்ல கேள்விதான். மூடிய பிறகு யார் பார்ப்பது?

கதவு பொருந்தும் ஓரத்தைப் பாருங்கள். பல பெட்டிகளில் அங்கே சிறிய பொத்தான் இருக்கும். மூடும்போது கதவு அதை அமுக்கும், விளக்கு அணையும். கதவைத் திறந்து வைத்து, விரலால் அமுக்கிப் பாருங்கள். பொத்தான் இல்லையா? கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, உள்ளே வைத்து மூடி எடுங்கள்.

பொத்தான் சிக்கிக்கொண்டால் செலவுதான். 15 வாட் குண்டு பல்பு இரவும் பகலும் எரிந்தால் மாதம் சுமார் 11 யூனிட் ஆகும். பல்பின் சூட்டை வெளியேற்ற மோட்டாரும் கூடுதலாக ஓடும்.

ஆனால் பிள்ளைகள் உள்ளே புகுந்து பார்க்கக் கூடாது. அந்தக் காலத்துக் கதவுகளை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே சிக்கிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினாலும் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே வந்தது. இப்போது கதவைப் பிடித்திருப்பது காந்தப் பட்டை. அப்படியும், பழைய பெட்டியை வெளியே போடும்போது கதவைக் கழற்றிவிடுங்கள்.