தூசியை ஊதவேண்டாம், உறிஞ்சுவோம்

நூற்பாலைக்கு விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால், அது பஞ்சுத் தூசியால் வரும் 'பிசினோசிஸ்' நோயின் அடையாளமாக இருக்கலாம். நாட்பட்டுக் கெட்ட நுரையீரலை மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆகவே, திருப்பூர் வட்டாரத்தில் கம்பெனி நடத்தும் நண்பர்களுக்கு இதை எழுதுகிறோம்.

கம்ப்ரசர் காற்றால் மிஷினை ஊதினால் தூசி ஒழியாது. அடுத்தவர் மூச்சில் சேரும். வாக்குவம் கிளீனரே நல்லது. வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்:

1. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர். சாதாரண ஃபில்டர் நுண்தூசியை மறுபடியும் அறைக்குள்ளேயே விடும்.

2. பஞ்சு அடைக்காத அகலமான குழாய்.

3. இடுக்குகளுக்கு ஒடுங்கிய முனை. மிஷின் மேற்பரப்புக்கு பிரஷ்.

தச்சுப் பட்டறைக்கும் இது பொருந்தும். அங்கே வாக்குவத்துக்கு முன் ஒரு சைக்ளோன் டிரம் வைத்தால் மரத்தூள் அதிலேயே விழும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அறிவித்துள்ளது.

உழைப்பவரின் மூச்சைக் காப்பதும் தர்மமே.