உங்களுக்குத் தெரியுமா? வைத்தியத்துக்குப் போன ஊரில் தங்க இடம்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைக்குப் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், அதுவும் பல வாரங்கள்! தினமும் பஸ் ஏறி இறங்க எந்த உடம்பு தாங்கும்? புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை கிட்டத்தில்தான். அங்கும் அலைச்சல் அலைச்சல்தான்.

மருந்துச் செலவைவிட லாட்ஜ் வாடகைதான் பல குடும்பங்களை முறிக்கிறது.

2006-இல் மும்பையில் தொடங்கிய 'செயின்ட் ஜூட்ஸ்' அமைப்பு, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வரும் ஏழைக் குழந்தைகளைப் பெற்றோருடன் இலவசமாகத் தங்கவைக்கிறது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. பொதுச் சமையலறையில் குடும்பத்துக்கொரு அடுப்பு. பிள்ளை கேட்கிற ரசத்தை அம்மாவே வைத்துக்கொடுக்கலாம். மாதக்கணக்கில் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

பெரியவர்களுக்கு? மும்பை டாடா மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது.

பயணச் செலவிலும் சலுகை உண்டு. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், ஸ்லீப்பர் வகுப்பில் அடிப்படைக் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை.

லாட்ஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.