பொம்மையும் கூலியும்

ஐ.நா. அகதிகள் ஆணையம் 2018இல் தொடங்கிய கைவினைத் திட்டம் 'மேட்51'. பெயரிலுள்ள 51, 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையைக் குறிக்கிறது. தில்லியில் ஆப்கன் அகதிப் பெண்கள் கழிவுத்துணியில் தைக்கும் பொம்மைகளும் இதன்வழி விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவோ அந்த உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. ஆக, வேலை பார்ப்பது இவர்களுக்குச் சட்டம் தந்த உரிமை அல்ல. அரசு கண்டுங்காணாமல் விட்டிருக்கும் சலுகை. உரிமை இல்லாத இந்த இடத்தைத்தான் நுகர்வோரின் இரக்கம் நிரப்பப் பார்க்கிறது. பொம்மையோடு துயரக்கதையும் விலைக்கு வரும்போது, 'அகதி' என்பதே வணிகக் குறியாகிவிடுகிறது.

அதுக்காக வாங்காதேன்னு சொல்ல முடியுமா? அந்தக் கூலியில் அடுப்பெரிகிற வீடுகள் இருக்கின்றன. வாங்குவோம். 'பாவம், உதவி பண்ணிட்டோம்'னு அத்தோடு ஓய்ந்துவிடுவதுதான் சிக்கல். பொம்மைக்கு இவ்வளவு விலையென்றால் தைத்தவளுக்கு எவ்வளவு என்று விற்பவரைக் கேட்போம். அகதிகளுக்கான சட்டம் எங்கே என்று அரசைக் கேட்போம்.