அதில் பேசலாம், அது பேசுமா?

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா, சென்ற ஆண்டு ஒரு நாள் கையில் சிறிய பெட்டியுடன் ஆசிரியர் அறைக்கு வந்தார். மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. "பேசுற வாட்ச்னு சொல்லித்தான் சார் கொடுத்தாங்க. பேசவே மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பார்த்துச் சரிபண்ணிக் கொடுங்க" என்றார். இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான ஸ்மார்ட் வாட்ச். அவருக்கு அது மூன்று நாள் கூலி.

மதிய இடைவேளை முழுவதும் அதன் அமைப்புகளைத் துழாவினேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி அதில் இல்லவே இல்லை. கடைக்காரர் பொய் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. செல்போனுடன் இணைத்தால் அந்த வாட்ச் வழியாக நாம் பேசலாம். அது நம்மோடு பேசாது.

பார்வையற்றவர் ஒருவர் ஸ்மார்ட் வாட்ச் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்: இதில் திரைவாசிப்பான் இருக்கிறதா? திரையில் விரலை நகர்த்த நகர்த்த, விரலுக்குக் கீழே உள்ளதை அது சொல்லும்; இருமுறை தட்டினால் திறக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயர்களில் இது இருப்பது பல ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆப்பிள் வாட்ச்சில் 2015இல் அது வெளிவந்தபோதே வாய்ஸ்ஓவர் இருந்தது. கூகுளின் வேர் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் வாட்ச்சுகளில் டாக்பேக் உண்டு. 2021 முதல் வந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச்சுகள் அந்த வகை. நம் ஊர்க் கடைகளில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குத் தொங்கும் வாட்ச்சுகளில் பெரும்பாலானவை வேறு எளிய இயங்குதளங்களில் ஓடுபவை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியைப் படித்து ஏமாறாமல் கடையிலேயே அந்த வசதியை இயக்கச் சொல்லி, காதால் கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது. தமிழில் வந்த குறுஞ்செய்தியைப் படிக்கிறதா என்றும் அங்கேயே சோதித்துவிடலாம்.

அப்படிப்பட்ட வாட்ச் கிடைத்துவிட்டால் பயன் உண்டா? யாருக்கு என்பதைப் பொறுத்தது. தினமும் பேருந்தில் வேலைக்குப் போகும் பார்வையற்றவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் வெள்ளைக்கோல், தோளில் பை. கூட்டத்தில் போனை வெளியே எடுத்தால் தவறி விழலாம், யாராவது பறித்துக்கொண்டும் ஓடலாம். மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தால் அழைப்பு வந்திருப்பது தெரிந்துவிடும். ஆப்பிள் வாட்ச்சில் சத்தமே இல்லாமல், அதிர்வுகளை எண்ணி நேரம் அறியும் வசதியும் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே வாட்ச் "மணி பதினொன்று இருபது" என்று கத்துவதை விரும்பாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இடக்கையில் கட்டிய வாட்ச்சைத் தொட வலக்கை வேண்டும். வலக்கையிலோ கோல். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் திரையைத் தொட முடியும். ஒரு கை மட்டுமே உள்ளவருக்கு இச்சிக்கல் இன்னும் கடினம். கட்டிய கையாலேயே அந்த வாட்ச்சை எப்படித் தொடுவது? இதற்காகவே ஆப்பிள் 2021இல் ஒரு வசதியைச் சேர்த்தது. விரல்களைக் கிள்ளுவதுபோல் சேர்த்தும் முட்டியை மடக்கியும் அதே கையால் வாட்ச்சை இயக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அடிகளுக்குப் பதிலாகச் சக்கரத்தைத் தள்ளும் தடவைகளை எண்ணும் வசதி 2016இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த வாட்ச்சுக்கு ஐபோன் வேண்டும், ஏறத்தாழ தினமும் சார்ஜ் போட வேண்டும், விலையும் கால் லட்சம் ரூபாயை ஒட்டி வரும்.

செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்குக் கணக்கே வேறு. அதிகாலையில் எழுப்ப அலாரம் அதிர்ந்தால் போதும். அதற்கு இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சே தாராளம். அந்த அப்பா வாங்கி வந்த அதே வாட்ச் ஒரு காது கேளாத மாணவனுக்கு நல்ல வாட்ச்.

அவரிடம் நான் சொன்னது, மகளுக்கு இப்போது ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம் என்பது. காரணம் பணம் மட்டுமல்ல. அன்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு நேரம் என்பது போன் சொல்லும் எண்கள் மட்டுமே என்று தெரிந்தது. கடிகாரத்துக்கு முள் உண்டு என்று கேட்டிருக்கிறாள், தொட்டதில்லை. தொடக்க வகுப்பில் மற்ற பிள்ளைகள் கடிகாரம் பார்க்கப் படித்தபோது இவள் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாமும் எத்தனை பாடங்களில் இப்படி விட்டிருப்போம்!

கெட்டி அட்டையில் புளியங்கொட்டைகளை ஒட்டி, ஐஸ் குச்சியில் இரண்டு முள் செய்து கொடுத்தேன். பெரிய முள்ளை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "சின்ன முள் இவ்வளவுதான் சார் நகரணுமா?" என்று கேட்டாள். கால் மணி, அரை மணி என்ற சொற்கள் அன்றுதான் அவளுக்கு வட்டத்தின் துண்டுகளாயின. பின்னத்தை அங்கிருந்தே தொடங்கினோம். தட்டில் சாம்பார் மூன்று மணிப் பக்கம், பொரியல் ஒன்பது மணிப் பக்கம் என்று சொன்னால் இப்போது கை தடுமாறாமல் போகிறது. பார்வையற்றோருக்கு இடம் சொல்ல உலகெங்கும் வழங்கும் முறை இது. கடிகார முகம் தெரியாத பிள்ளைக்கு இது உதவாது.

பிறகு சிறப்புப் பயிற்றுநர் வழியாக ஒரு பிரெய்ல் கைக்கடிகாரம் கிடைத்தது. கண்ணாடி மூடி திறக்கும். உள்ளே முள்களையும் மேடான புள்ளிகளையும் விரலால் தடவலாம். பொதுவாக 12க்கு மூன்று புள்ளி, 3, 6, 9க்கு இரண்டிரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று. எச்.எம்.டி. நிறுவனம் நம் நாட்டில் பல ஆண்டுகள் இதைத் தயாரித்து வந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கறுப்புக் கண்ணாடி, மடக்குக் குச்சியோடு இதையும் வழங்கும் திட்டம் இருக்கிறது. தகுதி விதிகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சில நூறு ரூபாய்க்குப் பேசும் கடிகாரமும் உண்டு. வீட்டுக்கு அது போதும். வகுப்பில் அது பேசினால் பாடம் அவ்வளவுதான்.

தேர்வு அறை வேறு. அங்கே ஸ்மார்ட் வாட்ச் எவருக்குமே அனுமதியில்லை. பொதுத்தேர்வில் இம்மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவரும் ஒரு மணி நேரக் கூடுதலும் தருகிறோம். ஆனால் எவ்வளவு நேரம் மீதி என்பதைச் சுவர்க்கடிகாரத்தில்தான் காட்டுகிறோம். எங்கள் பள்ளித் தேர்வுகளில் அரை மணிக்கு ஒருமுறை நேரத்தை வாயால் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். பார்வை உள்ள பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் அடுத்த வினாவுக்குப் போகிறார்கள்.

அந்த ஸ்மார்ட் வாட்ச்சை இப்போது அப்பாவே கட்டிக்கொள்கிறார். கல்லூரிக்குப் போகும்போது மகளுக்குப் பேசுகிற வாட்ச் வாங்கலாமா என்று சென்ற மாதம் கேட்டார். வாங்கலாம், கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன்.